இடைச்செருகல்கள்: ஒரு பழைய எஞ்சினை வாசித்தல்

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் திறக்கிற எவரும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிற கேள்வி இது: “எவன்டா இத இப்படிச் செஞ்சு வச்சது?”

பதிலை எதிர்பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை. இருக்கவேண்டிய போல்ட் இருக்காது. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு தகடு இருக்கும். ஆயில் குழாயின் நடுவில், எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு பித்தளை டேப் முளைத்திருக்கும். அந்த நேரத்தில், வண்டியை முன்பு வைத்திருந்தவரைவிடப் பெரிய முட்டாள் உலகத்தில் கிடையாது. அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது, திருப்பிப் பேசவும் மாட்டார். திட்டுவதற்கு ரொம்ப வசதியான ஆள்.

அந்தக் கேள்வியை நிஜமாகவே ஒரு கேள்வியாகக் கேட்டால் என்ன கிடைக்கும்? யார் செய்தார்கள், எப்போது, எந்த நெருக்கடியில்? இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய வேலை இல்லை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதுதான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், ஊர் ஊராய்ச் சேர்த்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான் அதைச் செய்தார். ஒரே வரி ஏட்டுக்கு ஏடு மாறினால் அதற்குப் பாடபேதம் என்று பெயர். பின்னால் வந்தவர் நுழைத்தது இடைச்செருகல். பல கைகள் மாறிவந்த எஞ்சினிலும் இரண்டும் உண்டு. அதை எழுதியவர்கள் மட்டும் எழுத்தாணிக்குப் பதிலாக அரமும் லேத்தும் பிடித்தவர்கள்.

பேராக்கில் நண்பர் ஒருவர் வாங்கிய பிஎஸ்ஏ எம்20-இன் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் அது பிரிந்து கிடந்த இரண்டு சனிக்கிழமைகளில் நானும் கூட இருந்தேன். பட்டறைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’தான்.

*

பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம்தான் பிஎஸ்ஏ. 1861-இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பிறகு சைக்கிள் செய்தது, 1910-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. ஆனாலும் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடியே நின்றன.

எம்20, 1937-இல் வந்த வண்டி. வேல் பேஜ் என்ற பொறியாளரின் வடிவமைப்பு. 496 சிசி, ஒற்றை சிலிண்டர். வால்வுகள் சிலிண்டரின் தலைக்குள் இல்லாமல் பக்கத்தில் நிற்கும் ‘சைட் வால்வ்’ வகை. திறன் வெறும் 13 குதிரை. இன்றைக்கு நம் சாலையில் பறக்கும் 150 சிசி கப்சாய்களுக்கே அதைவிட அதிகம். ஆனால் மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். மோசமான பெட்ரோலைக் குடித்தாலும் ஓடும். சாலையோரத்தில் சில ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு பிரிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இதை 126,000-க்கும் மேல் வாங்கியதற்குக் காரணம் அதுதான். 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் குண்டு போட்டதில் 53 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்டப் படையில் இந்த வண்டி இருந்தது. மலாயாவில் அவசரகாலம் நடந்த 1948-60 காலகட்டமும் அதற்குள் அடக்கம். படைக்கு வேண்டாமல் போனவை ஏலத்தில் போயின. அப்படித்தான் இந்த மாதிரி வண்டிகள் சாதாரண மனிதர்களின் கைக்கு வந்தன.

நண்பரின் எஞ்சினில் கிராங்க் கேஸின் பக்கவாட்டில் இரண்டு சிறிய துளைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று மூன்று விரல் தூரம். ஆழம் கிடையாது, எதையும் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. “துருப்பிடிச்ச ஓட்டையா?” என்று கேட்டார் நண்பர். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. படையின் பட்டறைகளில் முழுக்கப் பிரித்துச் சீரமைத்த எஞ்சின்களுக்கு ஒரு சிறு தகடு அடித்துவிடும் வழக்கம் இருந்தது. எந்தப் பட்டறை, எப்போது, சிலிண்டரை எவ்வளவு அகலப்படுத்தினார்கள் என்ற தகவல் அதில் இருக்கும். தகடு போய்விட்டது. அதைப் பிடித்திருந்த ரிவெட்டுகளின் துளைதான் மிச்சம். இப்படிப் பட்டறைக்குள் போன எஞ்சின், தான் வந்த அதே சட்டத்துக்குத் திரும்பிப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்து எந்த வண்டி தயாரோ அதில் ஏற்றுவார்கள். அதனால் இந்த எஞ்சினை ‘மாற்றிய’ முதல் ஆள் பெயர் தெரியாத ஒரு சிப்பாய்.

இன்னும் பின்னால் போனால், தொழிற்சாலையே முதல் ஆள் என்று சொல்லவேண்டியிருக்கும். போர்க்காலத்து எம்20-களின் ஹேண்டில் பிடிகளைக் கவனித்தால், முதலில் ரப்பர் இருக்கும். 1942-க்குப் பிறகு வந்தவற்றில் கித்தான் துணி சுற்றிய பிடிகள். கால்வைக்கும் கம்பியிலும் ரப்பர் உறை இல்லாமல் வெறும் இரும்பு. விவரம் தெரியாதவர் கண்ணுக்கு இது எவனோ காசில்லாதவன் செய்த ஒட்டுவேலை. உண்மையில் அது தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. காரணம் நம்ம ஊர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போயின. பிரிட்டனில் ரப்பருக்குத் தட்டுப்பாடு. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அந்த நேரத்தில் ரேஷன் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தத் தோட்டங்களிலிருந்து பால் வராமல் போனதுதான் பர்மிங்காமில் ஒரு கித்தான் பிடியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அசல் எம்20 என்றால் ரப்பர் பிடியா கித்தான் பிடியா? இரண்டுமே அசல்தான். மூலபாடம் என்று நாம் நினைப்பதே ஒன்றாக இல்லை.

*

இனி உள்ளே போவோம். சிலிண்டர் ப்ளோக்கைத் தூக்கியதும் அதன் அடியில் ஒரு அலுமினியத் தகடு. இரண்டு மில்லிமீட்டர் கனம், கையால் வெட்டி அரத்தால் ராவியது. பிஎஸ்ஏயின் உதிரிப்பாகப் பட்டியலில் எம்20-க்கு அப்படியொரு தகடு கிடையாது.

இப்படி ஒரு தகட்டை வைத்தால் ப்ளோக் மேலே ஏறும். பிஸ்டனுக்கு மேலே இடம் கூடும், அழுத்தவிகிதம் குறையும். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் பிரிட்டனில் கிடைத்தது தரம் குறைந்த பெட்ரோல். அதிக அழுத்தமுள்ள எஞ்சின்கள் அதில் ‘டக் டக்’ என்று தட்டும். அதைத் தவிர்க்க இப்படித் தகடு செருகுவார்கள். முதலில் தோன்றிய விளக்கம் அதுதான். ஆனால் எம்20-இன் அழுத்தவிகிதமே ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. கெட்ட பெட்ரோலுக்காகவே பிறந்த எஞ்சின். அதற்கு இன்னும் குறைக்க ஒரு தேவையும் இல்லை.

பதில் பிஸ்டனில் இருந்தது. 82 மில்லிமீட்டர் சிலிண்டருக்குள் உட்கார்ந்திருந்த அந்தப் பிஸ்டன் பிஎஸ்ஏயுடையதே இல்லை. உட்புறத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் வார்ப்புக் குறி. ஏதோ ஒரு காருடையது. தலையில் லேத்தில் கடைந்த வட்டக் கோடுகள். பிஸ்டன் பின்னின் கனம் வேறு என்பதால் கனெக்டிங் ராடின் மேல்முனையில் புது வெண்கலப் புஷ் கடைந்து போட்டிருந்தார்கள். இந்தப் பிஸ்டனில் பின்னுக்கு மேலே உள்ள உயரம் கூடுதல். தலையைக் கடைந்து குறைத்தும் போதவில்லை, அப்படியே ஓட்டினால் ஹெட்டில் இடிக்கும். அதற்குமேல் கடைந்தால் பிஸ்டனின் தலை மெலிந்து ஓட்டையாகிவிடும். அதனால் ப்ளோக்கை இரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிட்டார்கள். ப்ளோக் ஏறினால் வால்வுகளும் ஏறும். டேப்பட் திருகுகளைப் பார்த்தால் கிட்டத்தட்டக் கடைசி மரை வரை மேலே திருப்பப்பட்டிருந்தன. கணக்கு சரியாக வந்தது.

அங்கிள் பிஸ்டனைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இனி ஓராங் லாமா பூஞ்ஞா கெர்ஜா,” என்றார். பழைய ஆட்கள் செய்த வேலை. அவர் குரலில் இருந்தது மரியாதை.

இது எந்தக் காலத்து வேலை என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். ஜப்பானியக் கார்கள் இங்கே சாலையில் பெருகியது 1960களின் பிற்பகுதியில் தொடங்கி. பிஎஸ்ஏ நிறுவனம் 1973-இல் மூழ்கியது. அதற்குப் பிறகு பர்மிங்காமிலிருந்து பிஸ்டன் வரப்போவதில்லை. இங்கிலாந்தில் யாராவது பழைய சரக்கு வைத்திருந்தாலும் ஒரு தொழிலாளி அதைத் தேடிக் கடிதம் போட்டு, பணம் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆனால் ஈப்போவில் லேத் இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்காக, மண் வாரும் கப்பல்களுக்கும் பம்புகளுக்கும் பாகம் செய்து கொடுக்கவே வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் அங்கே வளர்ந்திருந்தன. இரும்பைப் பார்த்ததும் அளவு சொல்லும் கைகள் இருந்தன. 1985-இல் ஈயத்தின் விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்ட பிறகு அந்தக் கைகளில் பல வேறு வேலைக்குப் போய்விட்டன. ஆக, முட்டாள்தனமாகத் தெரிந்த அந்த இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு கம்பெனியின் முடிவும் ஒரு ஊரின் தொழில்திறமையும் சேர்ந்து இருக்கின்றன.

*

போல்ட்டுகளுக்கு வருவோம். பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களை அதிகமாக அழவைப்பது மரைதான். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அளவுமுறை ஒன்று. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த, அங்குலத்துக்கு 26 சுற்று கொண்ட நெருக்கமான மரை இன்னொன்று. ஒரே எஞ்சினில் இரண்டும் இருக்கும். இவற்றுக்கான ஸ்பேனர்களும் தனி.

நண்பரின் எஞ்சினில் ஐந்தில் மூன்று போல்ட்டுகள் மெட்ரிக். சிலது பொருந்தாத இடத்தில் முறுக்கி ஏற்றப்பட்டு மரையைத் தின்றிருந்தன. அவற்றுக்கு மன்னிப்பு இல்லை. ஆனால் சிலது அழகாகப் பொருந்தியிருந்தன. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்குலத்தில் ஐந்தில்லை, பதினாறில் ஐந்து பங்கு விட்டமுள்ள போல்ட்டின் அளவு 7.94 மில்லிமீட்டர். மெட்ரிக்கில் எட்டு. அங்குலத்துக்கு 26 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.977 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டரின் நெருக்கமான மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். குறைந்த ஆழத்துக்கு ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும். சாதாரண எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் மரை 1.25, அது ஏறாது. யாரோ ஒருவர் கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டை விட்டுவிட்டு, நெருக்கமான மரை உள்ளதைத் தேடிப் போட்டிருக்கிறார். இது தெரியாமல் செய்த வேலை இல்லை.

மெட்ரிக் எப்படி வந்தது என்பது தெரிந்த கதை. ஹோண்டா தன் சூப்பர் கப் வண்டியை 1958-இல் வெளியிட்டது. பினாங்கின் லோ பூன் சியூ 1950களின் இறுதியில் ஹோண்டாவை இங்கே விற்க ஆரம்பித்தார். ‘கப்’ என்ற பெயரோடு சீனத்தில் ‘சின்னது’ என்று பொருள்படும் ‘சாய்’ ஒட்டிக்கொண்டு கப்சாய் ஆனது. அடுத்த இருபது ஆண்டுகளில் சிறு நகரத்துப் பட்டறைகளின் அலமாரிகளில் இங்கிலீஷ் போல்ட் டப்பாக்கள் காலியாகி, அந்த இடத்தில் ஹோண்டா போல்ட்டுகள் நிறைந்தன. தோட்டத்துக் கிராணியின் பெரிய பிஎஸ்ஏ நின்ற இடத்தில் தொழிலாளியின் கப்சாய் நின்றது. ஒரு நாட்டின் சந்தை லண்டன் பக்கமிருந்து டோக்கியோ பக்கம் திரும்பியதைப் பொருளாதார நூல்கள் அட்டவணை போட்டுக் காட்டும். இந்தக் கிராங்க் கேஸில் அது போல்ட் போல்ட்டாகத் தெரிகிறது.

மேக்னட்டோவும் அதே கதையின் அடுத்த பக்கம். எம்20-க்கு பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் வரும். எஞ்சினோடு சுற்றும் லூக்காஸ் மேக்னட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். படைக்கு அது பெரிய வசதி. ஆனால் அதன் செம்புக் கம்பிச் சுற்றுக்குப் பூசியிருந்தது அரக்கு. சூட்டில் இளகும். அரக்கு மாளிகை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கண்டென்சரும் வயதாகிவிட்டால், காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, பத்து மைல் ஓடிச் சூடானதும் நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

நண்பர் மேக்னட்டோவைத் திறந்தபோது உள்ளே சுற்று இல்லை. வெறும் தண்டு. வெளியே மட்டும் கூடு அப்படியே இருந்தது. “ஏமாத்திட்டானுங்க,” என்றார். ஏமாற்று இல்லை. சுற்றிக் கொடுக்கும் ஆள் கிடைக்காத காலத்தில் யாரோ உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்று தீர்மானிக்கும் பாயின்ட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் ஒரு ஜப்பானிய பைக்கின் காயிலையும் பேட்டரியையும் இணைத்திருக்கிறார். மேக்னட்டோ தன் வேலையில் பாதியை மட்டும் செய்துகொண்டிருந்தது. வண்டி ஓடியது. விலையாக, பேட்டரி செத்தால் வண்டியும் சாகும் என்ற புது பலவீனம் வந்தது.

*

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பித்தளை டேப்.

பிஎஸ்ஏயில் ஆயில் எஞ்சினின் அடியில் தேங்குவதில்லை. தனித் தொட்டி ஒன்று உயரத்தில் இருக்கும். பம்ப்பின் ஒரு ஜோடிப் பல்சக்கரம் ஆயிலை உள்ளே தள்ளும். இன்னொரு ஜோடி அதை உறிஞ்சித் திரும்பத் தொட்டிக்கு அனுப்பும். வண்டி நிற்கும்போது மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்காமல் தடுக்க ஒரு சிறு உருண்டை வால்வு உண்டு. பம்ப்பும் அந்த வால்வும் தேய்ந்துவிட்டால், ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கிராங்க் கேஸை நிரப்பிவிடும். அடுத்த முறை கிளப்பினால் தெருவே புகை.

அதற்கு மலிவான வைத்தியம்தான் டேப். வண்டியை நிறுத்தியதும் மூடு, கிளப்புவதற்கு முன் திற. திறக்க மறந்தால் ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடும். சில நிமிடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பல பழைய வண்டிக்காரர்கள் இந்த டேப்பைக் கண்டாலே பல்லைக் கடிப்பார்கள். இந்த எஞ்சினில் டேப்பின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய பித்தளை இலையும் ஒரு வயரும் இருந்தன. டேப் மூடியிருந்தால் இலை உடலைத் தொட்டு ஸ்பார்க்கைக் கொன்றுவிடும். மறந்தாலும் வண்டி கிளம்பாது. ஒரு தடவை மறந்து சூடுபட்டவர், அல்லது தன் மறதியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்.

இந்த டேப் எந்தக் காலத்தது? அதற்குப் பிஸ்டன்போல் குறியெழுத்து கிடையாது. ஆனால் ஒன்று சொல்லலாம். ஆயில் இறங்கி நிரம்ப நாட்கள் வேண்டும். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டியில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. காலையில் கொஞ்சம் புகைவிடும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வண்டிக்குத்தான் டேப் வேண்டும். இந்த வண்டி வேலை செய்வதை நிறுத்திய பிறகு செருகப்பட்டது இது. பிஸ்டனை மாற்றியவருக்கு நாளை காலை வேலைக்குப் போகவேண்டும். டேப் வைத்தவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு வண்டி பிழைப்பிலிருந்து பொழுதுபோக்குக்கு மாறிய இடம், அந்த விரல் நீளப் பித்தளைத் துண்டு.

*

பொழுதுபோக்கு வந்த பிறகு செய்யப்படும் மாற்றங்களின் குணமே வேறு. அதுவரை செய்த எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம், வண்டி ஓடவேண்டும். இப்போது வண்டி ‘அசலாக’ இருக்கவேண்டும்.

அசலுக்கு விலை உண்டு. எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஒன்றாக இருந்தால் அதிக விலை என்ற நம்பிக்கை விற்பவர்களிடம் பரவியிருக்கிறது. சில வண்டிகளில் எண் பொறித்த இடத்தை ராவிவிட்டுப் புதிதாகத் தட்டியிருப்பார்கள். அந்த இடம் மட்டும் மற்ற வார்ப்பைவிட வழவழப்பாக, கொஞ்சம் பள்ளமாக இருக்கும். எண்கள் ஒரே கோட்டில் நிற்காது. வேடிக்கை என்னவென்றால், 1950களின் பிஎஸ்ஏ வண்டிகளில் பொதுவாக இரண்டு எண்களும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக இருந்ததில்லை. போர்க்கால எம்20-களோ படைப் பட்டறைகளில் எஞ்சின் மாறி மாறி வந்தவை. இல்லாத ஒரு அசலை உண்டாக்க, இருந்த அசலை அழிக்கிறார்கள். நம் ஊரில் இதற்குச் சட்டச் சிக்கலும் உண்டு. எஞ்சின் எண் கிரானில் பதிந்திருக்கும். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். எண்ணைத் தட்டி மாற்றியது தெரிந்தால் அந்த வண்டியோடு சேர்ந்து நாமும் மாட்டிக்கொள்வோம்.

பிஸ்டன் தகடும் எண் திருத்தமும் இரண்டுமே இடைச்செருகல்தான். ஆனால் முன்னது தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. கையால் வெட்டியது கையால் வெட்டியதாகவே தெரிகிறது. பின்னது பழைய புலவரின் பெயரில் புதுப்பாட்டு எழுதி ஏட்டில் சேர்ப்பது மாதிரி. சுவடிப் பதிப்பில் நாம் பயப்படவேண்டியதும் அந்த இரண்டாவது வகைக்குத்தான்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், வட சுமத்ராவில் பெமாத்தாங் சியாந்தார் என்று ஒரு ஊர். அங்கே பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள்களின் இடப்பக்கத்தில் பெட்டி கட்டி, ஆள் ஏற்றும் பெச்சாவாகப் பல தலைமுறையாக ஓட்டினார்கள். மழையில், மேட்டில், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு. கம்பெனி மூடியபின் பாகங்களை உள்ளூரிலேயே செய்தார்கள், வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். அந்த எஞ்சின்களில் எது பர்மிங்காம், எது சியாந்தார் என்று பிரிப்பது வீண்வேலை. பிறகு சேகரிப்பாளர்கள் வந்து நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். ஓட்டுநருக்கு அந்தப் பணம் தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானிய வண்டிகள் அந்த இடத்துக்கு வந்தன, பிஎஸ்ஏ பெச்சாக்கள் குறைந்துகொண்டே போயின. சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போன வண்டிக்கு முதலில் நடப்பது, பெட்டியைக் கழற்றுவது. அடுத்து, உள்ளூர் பாகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துவிற்கும் ‘அசல் மாதிரி’ பாகங்களை வைப்பது. வண்டி 1942-க்குத் திரும்பிவிடும். நடுவில் அதை உயிரோடு வைத்திருந்த ஆண்டுகள் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

நமக்கு இதில் ஒரு நேரடி அக்கறை உண்டு. இந்த மண்ணில் உழைத்தவர்களைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் அவர்களை வேலை வாங்கியவர்கள் எழுதியது. தோட்ட மேனேஜரின் அறிக்கை இருக்கும், டிராக்டர் ஓட்டியவரின் நாட்குறிப்பு இருக்காது. பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்ற சீனரோ தமிழரோ மலாய்க்காரரோ எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் யோசித்த விதம் தெரியவேண்டுமானால் அவர்கள் தொட்ட பொருளில்தான் தேடவேண்டும். அதையும் முட்டாள் செய்த வேலை என்று கழற்றி எறிந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. மரையைத் தின்ற போல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். வண்டி சாலையில் போகவேண்டும், பிரேக் பிடிக்கவேண்டும். நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் அச்சிடுகிறார். ஆனால் விட்ட பாடத்தை அடிக்குறிப்பில் தருகிறார். அடுத்து வருபவர் தன்னுடன் முரண்படும் உரிமையை அவர் பறிப்பதில்லை.

நண்பர் கடைசியில் பிஸ்டனையும் தகட்டையும் விட்டுவைத்தார். அளவு எடுத்துப் பார்த்ததில் இரண்டும் இன்னும் நல்ல நிலையில்தான் இருந்தன. மேக்னட்டோவுக்குப் புதுச் சுற்று போட்டார், இந்தத் தடவை அரக்கு இல்லாமல். உருண்டை வால்வைச் சரிசெய்துவிட்டு டேப்பை எடுத்துவிட்டார். எடுத்த டேப், பித்தளை இலை, ஜப்பானியக் காயில் எல்லாம் ஒரு மைலோ டின்னுக்குள் போயின. ஒரு பள்ளிக்கூட நோட்டில் எதை எங்கிருந்து எடுத்தார், என்ன அளவு, எதை எதற்காக மாற்றினார் என்று தேதியோடு எழுதியிருக்கிறார். பிஸ்டன் பக்கத்தில் அங்கிள் சொன்ன அந்த மலாய் வாக்கியமும் இருக்கிறது. ஹேண்டிலில் போன் சார்ஜ் செய்ய அவர் பொருத்திய யுஎஸ்பி முனையும், அது எந்த வயரிலிருந்து வருகிறது என்பதோடு, கடைசிப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது. வண்டியை என்றைக்காவது விற்றால் கிரானோடு சேர்த்து நோட்டையும் டின்னையும் கொடுப்பதாக ஏற்பாடு.